‘மாட்’ என்றால் காசு கட்டாமல் ஆட உதவும் ஏபிகே மட்டும்தானா? அதற்கு ஒரு வரலாறு உண்டா?

மட்டும்தானா என்றால், இல்லவே இல்லை. கேள்வி கேட்டவர் நாணயம் தீராத, எல்லா ஆயுதமும் முதல் நாளே திறந்து கிடக்கிற ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஆட்டத்தை நிறுவும் கோப்பை, மனத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார். கைப்பேசியில் விளையாடும் பிள்ளைகளுக்கு ‘மாட்’ என்றதும் இன்று அதுதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அது கட்டணத்தை ஏய்க்கும் வேலை. முகம் தெரியாத யாரோ பிரித்துக் கட்டிய கோப்பை, வங்கிச் செயலி இருக்கும் அதே கைப்பேசியில் நிறுவுவது ஆபத்தும்கூட.

நான் சொல்லப்போகும் மாட் வேறு. விலை கொடுத்து வாங்கிய ஆட்டத்தின் கோப்புகளைத் திறந்து, புதிய மேப், புதிய உருவங்கள், புதிய விதிகள் சேர்த்து, சில சமயம் முற்றிலும் வேறோர் ஆட்டமாகவே ஆக்கி, மற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிடுவது. கவுண்டர் ஸ்டிரைக், டோட்டா, பப்ஜி மூன்றுக்கும் பூர்வீகம் அங்கேதான்.

நிறுவனங்கள் அனுமதிப்பதற்கு முன்பே இந்த வேலை தொடங்கிவிட்டது. 1981-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இளைஞர்கள் சிலர், அட்டாரியின் ‘மிசைல் கமாண்ட்’ இயந்திரத்துக்குள் பொருத்தும் ஒரு சர்க்யூட் பலகையைத் தயாரித்து, காசு போட்டு ஆடும் கூடங்களை நடத்துகிறவர்களுக்கு விற்றார்கள். அதைப் பொருத்தினால் அதே ஆட்டம் இன்னும் கடினமாகும். அட்டாரி வழக்குப் போட்டது. கடைசியில் சமரசமாகி அவர்களையே ஆட்டம் எழுத ஒப்பந்தம் செய்துகொண்டது. அவர்கள் பேக்மேன் ஆட்டத்துக்குச் செய்துவைத்திருந்த இன்னொரு பலகையை மிட்வே நிறுவனம் வாங்கியது. அதுதான் 1982-இல் ‘மிஸ் பேக்மேன்’ என்று வெளிவந்து அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது.

ஆனால் மாட் ஒரு மரபாக வேரூன்றியது 1993 டிசம்பர் 10 அன்று வெளிவந்த ‘டூம்’ ஆட்டத்தால்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. டூமைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் அதற்கு முன் 1992-இல் உருவாக்கிய ‘வோல்ஃபன்ஸ்டைன் 3டி’யை ரசிகர்கள் குடைந்து குடைந்து லெவல்களையும் படங்களையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மூலக் கோப்பின் மேலேயே எழுத வேண்டும்; பழையது அழிந்துபோகும். அந்த நிறுவனத்தின் நிரலாளர் ஜான் கார்மாக் இதைக் கண்டு கோபப்படவில்லை, மகிழ்ந்தார். டூமை எழுதும்போது, ஆட்டத்தை இயக்கும் நிரலைத் தனியாகவும், லெவல், படம், ஒலி அனைத்தையும் ‘வேட்’ என்ற கோப்பில் தனியாகவும் பிரித்துவைத்தார்.

இந்த ஏற்பாட்டின் அழகை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வேட் கோப்புக்குள் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையும் உண்டு. நீங்கள் ஒரு புதிய லெவல் வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முதல் லெவலின் பெயரான ‘இ1எம்1’ என்பதையே சூட்டி, உங்களுடைய சிறிய வேட் கோப்பில் போட்டுவிடுங்கள். ஆட்டத்தைத் தொடங்கும் கட்டளையோடு அந்தக் கோப்பின் பெயரையும் சேர்த்துத் தட்டினால் போதும். ஒரே பெயரில் இரண்டு லெவல்கள் இருந்தால், பின்னால் வந்ததையே நிரல் எடுத்துக்கொள்ளும். கட்டளையிலிருந்து பெயரை நீக்கிவிட்டால் பழைய டூம் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருக்கும். உங்கள் கோப்பில் இருப்பது நீங்கள் செய்தது மட்டும்தான் என்பதால் அது மிகச் சிறியது. ஃபிளாப்பியில் கொடுக்கலாம், அந்தக் காலத்து மோடத்திலும் அனுப்பலாம்.

1994-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே ரசிகர்கள் லெவல் வரையும் கருவியைத் தாங்களாகவே எழுதிவிட்டார்கள். நிறுவனத்துக்குள் சிலருக்குத் தயக்கம் இருந்தது. இருந்தும் முக்கியமாகக் கேட்டுக்கொண்டது ஒன்றைத்தான்: இவை விலை கொடுத்து வாங்கிய பதிப்பில்தான் ஓட வேண்டும், இலவசமாகக் கொடுத்த பகுதியில் ஓடக்கூடாது. எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஒவ்வொரு நல்ல மாட்டும் டூமை வாங்குவதற்கு இன்னொரு காரணம் ஆனது. 1996-இல் ரசிகர்கள் கையில் உருவான லெவல் தொகுப்புகளையே ஐடி விலைக்கு வாங்கி ‘ஃபைனல் டூம்’ என்று விற்றது.

அதே ஆண்டில் வந்த ‘குவேக்’ ஒரு படி மேலே போனது. ஆட்ட விதிகளையே மாற்றி எழுதும்படி ‘குவேக்-சி’ என்ற சிறு நிரல்மொழியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலிய இளைஞர்கள் அதைக்கொண்டு ‘டீம் ஃபோர்ட்ரஸ்’ செய்தார்கள். வால்வ் நிறுவனம் அவர்களை அழைத்து வேலை கொடுத்தது. வால்வின் ‘ஹாஃப் லைஃப்’ 1998 நவம்பரில் வந்தது. கனடாவில் படித்துக்கொண்டிருந்த மின் லீ என்ற மாணவரும் அமெரிக்கரான ஜெஸ் கிளிஃபும் சேர்ந்து, அதன் மேல் கட்டிய மாட்டின் முதல் சோதனைப் பதிப்பை 1999 ஜூனில் வெளியிட்டார்கள். அதுதான் கவுண்டர் ஸ்டிரைக். செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை வேடிக்கைதான் பார்க்க வேண்டும், முந்தைய சுற்றில் சம்பாதித்த பணத்தில்தான் அடுத்த துப்பாக்கி என்ற விதிகள் ஆட்டத்தின் குணத்தையே மாற்றிவிட்டன. 2000-ஆம் ஆண்டில் வால்வ் அதை வாங்கி, இருவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களிலும் பொறியியல் கல்லூரி விடுதிகளிலும் இரவு பகலாக ஓடிய கவுண்டர் ஸ்டிரைக் 1.6 அந்த மாட்டின் வழித்தோன்றல். எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்த ‘டஸ்ட் 2’ மேப்பும் நிறுவனத்தின் சம்பளக்காரர் வரைந்ததல்ல. 2001-இல் டேவ் ஜான்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் இளைஞர் ஆர்வத்தில் வரைந்து கொடுத்தது.

உழைப்பு யாருடையது, பலன் யாருக்கு என்ற கேள்வி வரும்போதுதான் இந்த வரலாறு கசக்கத் தொடங்குகிறது. மாட் செய்பவர் வாடகை வீட்டில் தென்னை வைத்தவரைப் போன்றவர். காய் பறிக்க வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். சில நேரம் வெளியாளே வந்து பறித்துக்கொண்டு போவார். ‘டியூக் நியூக்கம் 3டி’ ஆட்டத்துக்கு ரசிகர்கள் இலவசமாகக் கொடுத்த 300 லெவல்களை இறக்கி, குறுந்தகட்டில் போட்டு விற்றது ஓர் அமெரிக்க நிறுவனம். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது பதிப்புரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. உரிமை ஆட்டத்தின் உரிமையாளருக்கு. அந்த 300 லெவல்களை வரைந்தவர்கள் வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை.

டோட்டாவின் கதை இதைவிடப் பெரியது. பிளிஸார்டின் ‘வார்கிராஃப்ட் 3’ 2002-இல் மேப் வரையும் கருவியோடே வந்தது. அதில் ‘யூல்’ என்ற புனைபெயர்க்காரர் தொடங்கிவைத்த, இரு அணிகள் மோதும் டோட்டாவை ஸ்டீவ் ஃபீக் வளர்த்தார்; 2005 முதல் ‘ஐஸ்ஃபிராக்’ என்ற இன்னொரு புனைபெயர்க்காரர் தொடர்ந்தார். மேப் கோப்பு சில மெகாபைட்தான். உங்களிடம் இல்லாவிட்டால், ஆட்டத்தில் சேரும்போதே நடத்துகிறவரின் கணினியிலிருந்து இறங்கிவிடும். ஆசியா முழுவதும் அது பரவியதற்கு இந்தச் சிறு வசதி முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். பிறகு ஃபீக் ரயட் நிறுவனத்தில் சேர்ந்தார். 2009-இல் அந்த நிறுவனத்திலிருந்து டோட்டா பாணியிலேயே ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ வந்தது. ஐஸ்ஃபிராக்கை வால்வ் அழைத்துக்கொண்டது; 2013-இல் ‘டோட்டா 2’ வந்தது. அதன் 2021 உலகப் போட்டியின் பரிசுத் தொகை மட்டுமே 4 கோடி டாலரைத் தாண்டியது. தன் வீட்டில் பிறந்த பிள்ளை வேறு வீட்டில் வளர்ந்ததைப் பிளிஸார்ட் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அதிலிருந்து அந்த நிறுவனம் கற்றுக்கொண்ட பாடம்தான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. 2020-இல் ‘வார்கிராஃப்ட் 3’-ஐப் புதுப்பித்து வெளியிட்டபோது, இனி இதில் யார் என்ன மேப் செய்தாலும் அதன் உரிமை எங்களுக்கே என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த டோட்டாவை ஒருவர் யோசித்தால், அதை அங்கே ஏன் செய்யப்போகிறார்? கதவைத் திறந்துவைத்ததால் நட்டம் வரவில்லை. உள்ளே வந்தவரை மதித்து உட்காரவைக்காததால் வந்தது.

செக் நாட்டு பொஹீமியா நிறுவனம் மாறாக நடந்துகொண்டது. அவர்களுடைய ராணுவ ஆட்டமான ‘ஆர்மா 2’ 2009-இல் வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து டீன் ஹால் என்ற நியூசிலாந்துக்காரர் அதன் மேல் ‘டேஇஸட்’ என்ற மாட் செய்தார். அந்த மாட்டை ஆடுவதற்காகவே பழைய ஆட்டத்தை மக்கள் வரிசைகட்டி வாங்கினார்கள். நிறுவனம் ஹாலைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. டேஇஸட்டைப் பார்த்து, அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன் அதிலிருந்து கடைசி ஒருவர் பிழைக்கும்வரை நடக்கும் போட்டி ஒன்றை உருவாக்கினார். பிறகு தென்கொரிய நிறுவனம் ஒன்று அவரை அழைக்க, 2017-இல் அது பப்ஜி ஆனது. 2020 செப்டம்பரில் இந்திய அரசு அதன் கைப்பேசிப் பதிப்பைத் தடைசெய்தபோது வீட்டுக்கு வீடு நடந்த ரகளை பலருக்கு நினைவிருக்கும்.

மாட்டுக்கு விலை வைக்கலாமா என்ற சண்டையும் நடந்தது. 2015 ஏப்ரலில் ‘ஸ்கைரிம்’ என்ற ஆட்டத்தின் மாட்களை, வால்வின் இணைய விற்பனைத் தளமான ஸ்டீமில் விற்க ஏற்பாடு செய்தார்கள். செய்தவருக்குக் கிடைப்பது விலையில் 25 சதவீதம். எதிர்ப்பு வெடித்து ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உழைத்தவர் காசு கேட்பதில் தவறே இல்லை என்பது என் கருத்து. ஆனால் ஸ்கைரிம் மாட் ஒன்று பல சமயம் வேறு நாலு பேர் செய்த மாட்களின் மேல் நிற்கும். யாருடைய பங்கு எவ்வளவு என்பதற்கு விடை இல்லாமல் விற்பனையைத் தொடங்கியதுதான் தவறு.

கடைசியாக நமக்கு மிக நெருக்கமான ஒன்று. இ.ஏ. நிறுவனத்தின் ‘கிரிக்கெட் 07’ 2006-இல் வந்தது. கணினியில் அந்த வரிசை அதோடு நின்றுவிட்டது. ஐ.பி.எல். தொடங்கியதோ 2008-இல். நிறுவனம் எந்தக் கருவியும் தராமலே இந்தியா, பாகிஸ்தான் உட்படப் பல நாட்டு ரசிகர்கள் அதன் கோப்புகளைத் திறந்து, வீரர் பட்டியல், முகங்கள், மட்டைகள், எல்லைக்கோட்டு விளம்பரங்கள், தொலைக்காட்சியில் வருவது போன்ற ஸ்கோர் பட்டை என்று ஆண்டுதோறும் புதுப்பித்தார்கள். நானும் சென்னை அணிக்கு மஞ்சள் சட்டை வரைந்திருக்கிறேன். கோப்பிலிருந்து வெளியே எடுத்தால் சட்டை தையலைப் பிரித்துப் போட்டது போலத் தட்டையான படமாக இருக்கும்: முன்பக்கம் ஓரிடம், முதுகு ஓரிடம், கைகள் ஓரிடம். விளம்பரதாரர் பெயரை நேராக எழுதினால் ஆட்டத்தில் வீரரின் மார்பில் அது வளைந்து தெரியும். படத்தில் கொஞ்சம் எதிர்ப்பக்கம் வளைத்து எழுத வேண்டும். தோளில் இரண்டு துண்டுகளின் மஞ்சளும் ஒரே சாயலில் சேர வேண்டும். எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் பிள்ளைகள் இதையெல்லாம் கற்றுக்கொண்டார்கள். ஒரு நிறுவனம் கைவிட்ட ஆட்டத்தை ரசிகர்கள் இத்தனை ஆண்டு காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதை நான் பெருமையாகவே சொல்வேன்.

நீங்களும் தொடங்க வேண்டும் என்றால் டூமிலிருந்தே தொடங்குங்கள். அதன் மூல நிரலை 1997 டிசம்பரிலேயே வெளியிட்டுவிட்டார்கள். பழைய மடிக்கணினியே போதும். ‘ஃப்ரீடூம்’ என்ற இலவச வேட், அதை ஓட்ட ‘ஜிஇஸட் டூம்’, லெவல் வரைய ‘அல்டிமேட் டூம் பில்டர்’, மூன்றும் காசில்லாமல் நேர்வழியில் கிடைக்கும். முதலில் நான்கு கோடுகளில் ஓர் அறை, அதில் ஒரு கதவு, கதவுக்கு அப்பால் ஓர் எதிரி. அதற்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும். பிறகு நண்பர் ஒருவரிடம் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், வாய் திறந்து வழி சொல்லாதீர்கள். வேறொருவர் வரைந்த படத்தையோ ஒலியையோ சேர்க்க விரும்பினால் முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். கோப்பை வெளியிடும்போது அவருடைய பெயரையும் கூடவே எழுதிவைத்துவிடுங்கள்.