புது டிவில பழைய கேம்: கேட்டீங்க, சொல்றோம்

போன இதழ்ல பரண்ல கிடக்குற டிவி கேம எடுத்து புது டிவில மாட்டிப் பாருங்கன்னு எழுதுனாலும் எழுதுனோம், பாதிப் பேரு மாட்டிட்டு படம் வரலன்னு திட்டி எழுதிருக்காங்க. அதனால இந்த தடவ பக்கம் முழுக்க அதுதான்.

கேள்வி: 90கள்ல அப்பா வாங்கிக் குடுத்த டிவி கேம் சார், லைட்டு எரியுது. ஆனா புது 43 இன்ச் டிவில மஞ்சள், வெள்ளை பின் சொருக ஓட்டையே இல்ல. கடைல ஒரு கன்வர்ட்டர் டப்பா குடுத்தாங்க, மாட்டுனா ஒண்ணுமே வரல. காச கரியாக்கிட்டேனா?
- வாசகர், விருதுநகர்

பதில்: டப்பாவ திருப்பி மேல என்ன எழுதிருக்குன்னு மொதல்ல பாருங்க. ஏவின்னா உங்க மஞ்சள் வெள்ளை வயரு, எச்டிஎம்ஐன்னா புது டிவில இருக்குற தட்டை ஓட்டை; ஏவி டு எச்டிஎம்ஐ, எச்டிஎம்ஐ டு ஏவின்னு ரெண்டு டப்பா இருக்கு, ரெண்டும் ஒரே சைஸு ஒரே கலரு, கடைக்காரரே மாத்திக் குடுத்துருவாரு. உங்களுக்கு வேண்டியது மொதல் வகை. அதுக்கு யூஎஸ்பி வழியா கரென்ட்டும் குடுக்கணும், அத சொருகாம விட்டா டப்பா செத்துதான் கிடக்கும்.

ஆனா அதுக்கு முன்னாடி டிவி பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க. இப்ப வர்ற நிறைய டிவில மூணு ஓட்டைக்கு பதிலா ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒண்ணு வச்சு பக்கத்துல ஏவி இன்னு சின்னதா எழுதிருப்பான். அதுக்குன்னு ஒரு குட்டி வயரு டிவி கூடவே வந்துருக்கும், அட்டைப்பெட்டியோட தூக்கிப் போட்டிருப்பீங்க. வெளில வாங்குனா இங்கதான் வம்பு, அந்த பின்ல நாலு வளையம் இருக்கு, எதுல வீடியோ எதுல கிரவுண்டுன்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும். மஞ்சள்ல படம் வரலன்னா கேம்ல இருந்து வர்ற மஞ்சள சிவப்புலயும் வெள்ளைலயும் மாத்தி மாத்தி சொருகிப் பாருங்க, ஒண்ணும் வெடிக்காது. எதுல சொருகுனாலும் படம் உருண்டு ஓடி ஸ்பீக்கர்ல கொய்ங்னு சத்தம் மட்டும் வந்தா கிரவுண்டு வளையமே வேற, உங்க டிவி மாடலுக்கான வயருதான் வாங்கணும். இன்னும் சில டிவில பச்சை, நீலம், சிவப்பு ஓட்டை இருக்கும் (இதத்தான் காம்போனென்ட்னு சொல்றது), அந்த பச்சைக்கு கீழ வீடியோன்னும் போட்டிருந்தா மஞ்சள் வயரு போக வேண்டிய எடம் அதுதான். ஏவி ஓட்டை இருந்தா டப்பாவே தேவையில்ல.

கேள்வி: படம் வருது ஆனா கறுப்பு வெள்ளையா வருது.
- வாசகி, கும்பகோணம்

பதில்: டிவி செட்டிங்ஸ்ல கலர் சிஸ்டம்னு இருக்கும், பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC)ன்னு கலர் அனுப்புற முறை ரெண்டு, ரெண்டையும் மாத்திப் பாருங்க. ஆட்டோல வச்சா சில டிவி தப்பா புரிஞ்சுக்கும்.

கேள்வி: என் கேம்ல ஆன்டெனா வயரு மட்டும்தான் வருது அண்ணே, மஞ்சள் வெள்ளை எதுவும் கெடையாது.
- வாசகர், தென்காசி

பதில்: டிவில பழைய ஆன்டெனா சிக்னல புடிக்கிற அனலாக் டியூனர் இருந்தா கேம ஆன் பண்ணி வச்சுட்டு மேனுவல் டியூனிங்ல தேடுங்க தம்பி. ஆட்டோ சர்ச்ல விட்டா பாதி நேரம் தாண்டிப் போயிரும். அனலாக்கே இல்லாத டிவின்னா யாரு வீட்லயாவது பழைய விசிஆர், அதான் வீடியோ கேசட் டெக்கு, இருக்கான்னு கேளுங்க. ஆன்டெனா வயர அதுல சொருகி, அதோட ஏவி அவுட்ல இருந்து மஞ்சள் வெள்ளை எடுத்துரலாம். டேப்பு ஓடலன்னாலும் பரவால்ல, டியூனர் உயிரோட இருந்தா போதும்.

கேள்வி: எல்லாம் மாட்டியாச்சு, மரியோ ஓடுது, ஆனா நான் பட்டன அமுக்குறதுக்கும் அவன் குதிக்கிறதுக்கும் நடுவுல ஒரு கேப் இருக்கு. குழில விழுந்து விழுந்து என் பையன் சிரிக்கிறான். எனக்கு வயசாயிருச்சா, இல்ல டிவி கோளாறா? கான்ட்ரா கேம்லயும் ஆளு திடீர்னு காணாம போறான்.
- வாசகர், மதுரை

பதில்: வயசு மேல பழி போடாதீங்க, டிவிதான். பழைய குண்டு டிவில சிக்னல் உள்ள வர வர எலக்ட்ரான் கதிர் கோடு கோடா கண்ணாடில வரைஞ்சுட்டே போகும், சேத்து வைக்கிற வேலையே இல்ல. தட்டை டிவி அப்படி இல்ல, ஒரு படத்த முழுசா வாங்கி வச்சு, பெருசாக்கி, கலர தேத்தி, ஓரத்த கூர் பண்ணி, அப்புறம்தான் காட்டும். சினிமாக்கு இதெல்லாம் நல்லது, கேமுக்கு எமன். அதனால பிக்சர் மோட கேம் மோடுக்கு மாத்துங்க, ஷார்ப்னஸ், நாய்ஸ் ரிடக்ஷன், மோஷன்னு எதெல்லாம் இருக்கோ அத்தனையும் ஆஃப். பாதிப் பிரச்சனை அங்கயே தீந்துரும். சில டிவில ஏவி இன்புட்ல இருக்கும்போது கேம் மோட தொட விடமாட்டான், அப்பதான் எச்டிஎம்ஐ டப்பாக்கு அர்த்தம் வருது.

கான்ட்ரா சமாச்சாரம் வேற. செத்து திரும்ப வரும்போது ஆளு மினுக்கு மினுக்குன்னு வருவான்ல, அது ஒரு ஃபிரேம்ல, அதாவது ஒரு படத்துல, வரைஞ்சு அடுத்த ஃபிரேம்ல வரையாம விடுற வித்தை. அந்த காலத்து கேம் எல்லாம் 240பி-ங்கிற சிக்னல அனுப்புது, அதாவது டிவி ஒளிபரப்பு மாதிரி ஒத்தைப்படை கோடு ஒரு தடவ, ரெட்டைப்படை கோடு ஒரு தடவன்னு மாத்தி மாத்தி வரையாம, ஒவ்வொரு தடவையும் அதே கோடுகள் மேலயே வரையும். புது டிவிக்கும் மலிவு டப்பாக்கும் இது தெரியாது, மாத்தி மாத்தி வரையுற 480i ஒளிபரப்புன்னு நினைச்சு அடுத்தடுத்த ரெண்டு ஃபிரேம ஒண்ணா பின்னிரும், அப்ப ஆளு சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா தெரிவான், இல்ல சுத்தமா தெரியவே மாட்டான். செட்டிங்ஸ்ல இத சரி பண்ண முடியாது. 240பி-ய புரிஞ்சுக்கிட்டு புது டிவிக்கு ஏத்த மாதிரி பெருசாக்கி அனுப்புற அப்ஸ்கேலர்ங்கிற டப்பா வேணும், ரெட்ரோடிங்க், ஓஎஸ்எஸ்சி எல்லாம் அதுக்குன்னே செஞ்சது. ஓஎஸ்எஸ்சில மஞ்சள் வயர நேரா சொருக முடியாது, கலர தனித்தனியா அனுப்புற ஆர்ஜிபியோ காம்போனென்ட்டோதான் எடுக்கும், ஆசைப்பட்டு வாங்கிட்டு முழிக்காதீங்க. உங்க கேமுக்கு ரெட்ரோடிங்க் 2எக்ஸ் மாதிரி ஒண்ணு போதும். ஆனா அது வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும், லீவு நாள்ல பையனோட அரை மணி நேரம் ஆடத்தான்னா நான் வாங்க மாட்டேன், கேம் மோடோட விட்டுருவேன்.

கேள்வி: துப்பாக்கியும் இருக்கு. வாத்து சுடுற கேம்ல ஸ்கிரீன்ல முட்ட வச்சு சுட்டாலும் ஒண்ணும் விழல, நாய் சிரிக்குது. துப்பாக்கிய பிரிச்சு சரி பண்ணலாமா?
- வாசகர், திருவண்ணாமலை

பதில்: பிரிக்காதீங்க, துப்பாக்கி அனேகமா நல்லாத்தான் இருக்கும். அதுல இருந்து எதுவும் வெளில போறதில்ல, மூக்குல ஒரு லென்ஸு, உள்ள வெளிச்சத்த பாக்குற சென்சாரு, அவ்வளவுதான். நீங்க சுட்டதும் கேம் ஸ்கிரீன ஒரு ஃபிரேம் முழு கறுப்பாக்கும், அடுத்த ஃபிரேம்ல வாத்து இருந்த எடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் போடும். ரெண்டு வாத்துன்னா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஃபிரேம். மொதல்ல இருட்டு, அப்புறம் வெளிச்சம்னு சென்சாரு சொன்னா அடி, எந்த ஃபிரேம்ல சொல்லுதோ அந்த வாத்து. ஒரு ஃபிரேம்ங்கிறது செகண்டுல 50ல ஒரு பங்கோ 60ல ஒரு பங்கோ, தட்டை டிவி அந்த வெள்ளைக் கட்டத்த காட்டும்போது கேம் எப்பவோ கேட்டு முடிச்சு நாய அனுப்பிருச்சு. இது போதாதுன்னு ஒரிஜினல் நின்டெண்டோ துப்பாக்கில, குண்டு டிவி செகண்டுக்கு 15 ஆயிரத்து சொச்சம் கோடு வரையும்போது வர்ற மினுக்கல மட்டும் ஏத்துக்குற ஃபில்டர் வேற வச்சிருந்தாங்க. தட்டை டிவில அந்த மினுக்கலே கெடையாது, அதனால எவ்வளவு காசு போட்டு அப்ஸ்கேலர் வாங்குனாலும் இந்த வாத்து விழாது. துப்பாக்கி வேணும்னா குண்டு டிவி வேணும், வேற வழியில்ல. பழைய சாமான் கடைல சொல்லி வைங்க, ஏவி ஓட்டை இருக்குறதா பாத்து எடுங்க.

கேள்வி: பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2)க்கு காம்போனென்ட் கேபிள் வாங்குனேன், ஸ்கிரீன் மொத்தமும் பச்சை. கேபிள் டூப்ளிகேட்டா?
- வாசகர், ஈரோடு

பதில்: கேபிள் மேல சந்தேகப்படுறதுக்கு முன்னாடி டிஸ்க் போடாம ஆன் பண்ணி, சிஸ்டம் கான்ஃபிகரேஷன் உள்ள போயி, காம்போனென்ட் வீடியோ அவுட்ங்கிற எடத்துல ஆர்ஜிபின்னு இருந்தா ஒய் சிபி சிஆர்னு வர்றதுக்கு மாத்துங்க. பச்சைலயே மெனு படிக்க முடியலன்னா மஞ்சள் வயர மாட்டி மாத்திட்டு திரும்ப இத சொருகுங்க. பிஎஸ்2ல சொருகுற குட்டி எச்டிஎம்ஐ அடாப்டருக்கும் இதே செட்டிங்தான். இன்னொண்ணு, பழைய பிஎஸ்1 டிஸ்க்க அதே மிஷின்ல போட்டா நோ சிக்னல்னு வரலாம், பயப்படாதீங்க, அந்த கேம் பெரும்பாலும் 240பி, காம்போனென்ட்லயும் எச்டிஎம்ஐலயும் நிறைய டிவி அத ஏத்துக்காது. அதுக்கு மட்டும் மஞ்சள் வயரு.

கேள்வி: எல்லாரும் குண்டா தெரியுறாங்க.
- வாசகி, சேலம்

பதில்: ஆஸ்பெக்ட் ரேஷியோல 4:3 வைங்க. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும்.

கேள்வி: ஜப்பான்ல இருந்து மாமா சூப்பர் ஃபாமிகாம்னு ஒரு நின்டெண்டோ கேம் மிஷின் கொண்டு வந்தாரு. அடாப்டர நேரா பிளக்ல சொருகலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சொருகாதீங்க, அது 100 வோல்ட்டுக்கு செஞ்சது, நம்ம ஊரு 230 வோல்ட்டுல புகைஞ்சுரும். ஒண்ணு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்க, இல்லன்னா 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியரோ அதுக்கு மேலயோ குடுக்குற அடாப்டர், நடு பின் மைனஸா இருக்கணும். இங்க கடைல கெடைக்கிறதுல முக்காவாசி நடு பின் பிளஸ், பின் சரியா பொருந்துதேன்னு சொருகிறாதீங்க. அடாப்டர் ஒட்டுத்தாள்ல ரெண்டு வட்டம் போட்ட படம் இருக்கும், நடுவுல இருக்குற புள்ளிலேர்ந்து வர்ற கோடு மைனஸ் குறிக்கு போனா அதுதான் உங்களுக்கு.