எந்த ஆயில் நல்ல ஆயில்? நுகர்வோர் கேள்வி-பதில்

கே: ஒரே காரில் இரண்டு கம்பெனி சிந்தெடிக் ஆயில் ஊற்றி, இறக்கிய ஆயிலை லேபில் சோதித்தேன். முதலாவது 10,000 கி.மீ. ஓடியதில், எஞ்சின் தேய்ந்து கலந்த இரும்பு 22 பிபிஎம் (பத்து லட்சத்தில் 22 பங்கு). அடுத்தது 6,000 கி.மீ. ஓடியதில் 15. அடுத்ததுதானே நல்லது? (கோவை)

ப: இல்லை. தூரத்தால் வகுத்துப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு முதலாவது 2.2, அடுத்தது 2.5. அந்த 0.3 வித்தியாசத்தையும் நம்பாதீர்கள். ஃபில்டரையும் சேர்த்து மாற்றினாலும் பழைய ஆயில் கொஞ்சம் எஞ்சினுக்குள் தங்கிவிடும். அதிலுள்ள இரும்பு புது ஆயிலின் கணக்கில் ஏறும். நடுவில் அரை லிட்டர் டாப்-அப் செய்திருந்தால் எண் குறைத்துக் காட்டும். ஹைவே ஓட்டத்துக்கும், பள்ளிக்கூடம் வரை போய்த் திரும்பும் 3 கி.மீ. ஓட்டத்துக்கும் தேய்மானம் ஒன்றல்ல.

இரும்பு எண்ணை வைத்து ஆயிலுக்கு ரேங்க் போடும் பழக்கம் எனக்கு நெடுநாள் வருத்தம். லேபில் ஆயிலை பிளாஸ்மாவில் எரித்து, எழும் ஒளியைக் கொண்டு உலோகத்தை அளக்கிறார்கள். சுமார் 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் இதில் சரியாகச் சிக்காது. பேரிங் சில்லு சில்லாக உதிரும்போதுகூட பிபிஎம் சாதுவாக இருக்கலாம். இந்த ரிப்போர்ட் முதலில் சொல்வது எஞ்சினின் உடல்நிலையை. சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறினால் கூலன்ட் கசிவைத் தேட வேண்டும்.

ஆயிலை ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொன்றிலும் தொடர்ந்து மூன்று சேஞ்ச், ஒரே தூரம், ஒரே லேப். முதல் சேஞ்சின் எண்ணை ஒதுக்கிவிடுங்கள். டின்னிலிருந்து புது ஆயிலையும் ஒருமுறை சோதித்து வையுங்கள். பிறகு பார்க்க வேண்டியவை இரண்டு: 100 டிகிரியில் பாகுநிலை (ஆயிலின் கெட்டித்தன்மை) எவ்வளவு நிற்கிறது, அமிலத்தை முறிக்கும் காரக் கையிருப்பான டிபிஎன் எவ்வளவு மிஞ்சுகிறது. புதிதில் 8 இருந்த டிபிஎன் 4-இல் நின்றால் ஆயிலில் இன்னும் தெம்பு இருக்கிறது. 2-ஐ நெருங்கினால் இறக்கிவிடுங்கள்.

கே: டீசல் காரில் 2,000 கி.மீ.-இலேயே ஆயில் கறுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? (திருச்சி)

ப: இல்லை. புகைக்கரியை ஆயில் தாங்கிப் பிடித்திருக்கிறது. அதுதான் அதன் வேலை.

கே: காரில் மிஞ்சிய 5டபிள்யூ-30 ஆயிலை பைக்கில் ஊற்றினேன். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் சத்தம்தான் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. (மதுரை)

ப: டின்னில் அச்சிட்டிருப்பதைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பைக்கில் கிளட்ச் பிளேட் எஞ்சின் ஆயிலிலேயே முங்கி ஓடுகிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருந்தால் பிளேட் வழுக்கும். இன்றே இறக்கிவிட்டு, மேனுவலில் சொன்ன கிரேடில், ஜாசோ எம்ஏ2 (ஆயிலில் முங்கிய பைக் கிளட்ச்சுக்கான ஜப்பானியத் தரக்குறி) என்று அச்சிட்டதை ஊற்றுங்கள். அதற்குப் பிறகும் வழுக்கினால் பிளேட்டை மாற்ற வேண்டியதுதான்.

கே: ‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்று போட்டிருந்தால் நிஜமாகவே சிந்தெடிக்கா? (சேலம்)

ப: பல நேரம் அது கச்சா எண்ணெயை ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்த, ‘குரூப் 3’ என்ற வகை அடிப்படை எண்ணெய். அமெரிக்காவில் காஸ்ட்ரால் அதைச் சிந்தெடிக் என்று விளம்பரம் செய்ததை மொபில் எதிர்த்தது. 1999-இல் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பின் முடிவு காஸ்ட்ரால் பக்கம் போனது. நல்ல குரூப் 3 நல்ல ஆயில்தான். முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் ஏபிஐ எஸ்பி, ஏசிஇஏ சி3 போன்ற தரக்குறிகள், கார் கம்பெனியின் ஒப்புதல் எண் ஆகியவற்றில் உங்கள் மேனுவல் கேட்பது இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: சிலிக்கான் 48 பிபிஎம். இரும்பும் அலுமினியமும் ஏறியிருக்கின்றன. ஆயிலை மாற்றட்டுமா? (தூத்துக்குடி)

ப: முதலில் ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். உள்ளே போவது சிலிக்கான் நிறைந்த புழுதி. அது பிஸ்டனையும் ரிங்கையும் சிலிண்டரையும் அரைக்கிறது. விலை மலிவென்று நான் வாங்கிய ஒரு ஃபில்டரின் ரப்பர் விளிம்பு பெட்டியில் சரியாக உட்காரவே இல்லை. ஃபில்டருக்கு அப்புறமுள்ள குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மண் ஒட்டினால் காரணம் அதுதான். எஞ்சின் புதிதென்றால் சீலன்ட்டிலிருந்தும் சிலிக்கான் வரும். அப்போது இரும்பு இப்படி ஏறாது.

கே: சாம்பிளைக் குளிர்பான பாட்டிலில் அனுப்பினேன். ரிப்போர்ட் குழப்பமாக இருக்கிறது. (ஈரோடு)

ப: தூக்கிப் போடுங்கள். அடுத்த முறை எஞ்சின் சூடாக இருக்கும்போது ட்ரெயின் போல்ட்டைச் சுற்றித் துடைத்துவிட்டு, பாதி ஆயில் இறங்கிய பிறகு நடு ஓட்டத்தில் லேப் தந்த பாட்டிலில் பிடியுங்கள்.

கே: கடையில் இரண்டு டின் 15டபிள்யூ-40 வாங்கினேன். ஒன்றைத் திறந்து லேபுக்கு அனுப்பியதில் பாகுநிலை 9.1, சேர்மானங்களிலிருந்து வர வேண்டிய கால்சியம், துத்தநாகம் பெயருக்குத்தான். கடைக்காரர் விரட்டுகிறார். (விழுப்புரம்)

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. 40 கிரேடின் பாகுநிலை 100 டிகிரியில் 12.5-க்குக் குறையக் கூடாது; 9.1 என்பது 30 கிரேடுக்குக்கூடப் போதாது. டின்னில் இருக்கும் கம்பெனிக்கு பேட்ச் எண்ணோடு எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் பதியுங்கள். அசையவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. நீங்களே எடுத்த சாம்பிளைக் கடைக்காரர் மறுப்பார். ஆணையமே சீல் வைத்து லேபுக்கு அனுப்ப முடியும். அதற்காக அந்த இரண்டாவது டின்னைத் திறக்காமல், பில்லோடு பத்திரமாக வையுங்கள்.