தெருமுனை பிளெக்ஸில் சிரிக்கும் டாக்டர்

கேள்வி: என் மகள் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் முதலாமாண்டு படிக்கிறாள். பள்ளியில் எப்போதும் முதல் ரேங்க். இப்போது அனாட்டமி (உடற்கூறியல்) இன்டர்னலில் ஃபெயில். தினமும் போனில் அழுது, "திரும்பி வந்துடவாம்மா?" என்கிறாள். "நீட்டையே தாண்டியவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?" என்கிறார் என் கணவர். அவளுக்குத் தைரியம் வர என்ன சொல்லலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேனி மாவட்டம்

பதில்: ஒன்றும் சொல்ல வேண்டாம். கொஞ்ச நாளைக்கு நீங்கள் இருவரும் சொல்வதை நிறுத்தினாலே அவளுக்குப் பாதி பாரம் இறங்கும்.

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. நீட்டில் 180 கேள்வி, 720 மார்க். நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கினால் போதும். வருடக்கணக்கில் அதற்கே பழகிய கையிடம், கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுது, படம் வரை, பேராசிரியர் எதிரே நின்று வாய்விட்டுச் சொல் என்கிறார்கள். கழுத்திலிருந்து அக்குள் வழியாகக் கைக்குப் போகும் நரம்புப் பின்னல் ஒன்று உண்டு, பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்று பெயர். 5 வேர்கள் சேர்ந்து 3 தண்டாகும், பிரிந்து 6 ஆகும், மறுபடி சேர்ந்து 3 ஆகும், கடைசியில் 5 பெரிய நரம்புகளாகக் கைக்குள் இறங்கும். பார்க்காமல் வரைய வேண்டும். எது அறுந்தால் மணிக்கட்டு தொங்கிப்போகும் என்றும் சொல்ல வேண்டும். அப்புறம் ஸ்பாட்டர்ஸ். மேசைக்கு மேசை உறுப்புகள் வைத்திருப்பார்கள்; அடையாளம் குத்திய இடத்தின் பெயரை எழுதி, மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். தெரிந்த பெயர் நாக்கு நுனியில் நிற்கும்போதுதான் மணி அடிக்கும். உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் நெடியில் கண் வேறு எரியும். நீட் என்பது உள்ளே விடும் டிக்கெட் மட்டுமே சார், உள்ளே நடப்பது வேறு ஆட்டம்.

அவளோடு படிக்கும் நூற்றுச் சொச்சம் பேரும் அவரவர் பள்ளியில் கொடி கட்டிப் பறந்தவர்கள். அதில் யாராவது கடைசியில் வந்துதானே ஆக வேண்டும்? பதினெட்டு வயது வரை தோற்றே பார்க்காத பிள்ளைக்கு, ஒரு பரீட்சையில் தோற்றோம் என்று தோன்றாது. தானே தோற்றுவிட்டதாகத் தோன்றும்.

ஒரு சந்தேகம், தவறாக நினைக்காதீர்கள். சீட் கிடைத்தபோது தெருமுனையில் பிளெக்ஸ் வைத்தீர்களா? ஸ்டெதஸ்கோப் மாட்டிய போட்டோ, கீழே "வருங்கால டாக்டர்" என்று? பல ஊர்களில் வைக்கிறார்கள், அதனால் கேட்கிறேன். "திரும்பி வந்துடவா" என்று கேட்கிற பெண் அந்த பிளெக்ஸைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

இன்டர்னல் என்பது கல்லூரிக்குள்ளேயே வைக்கும் தேர்வு, பல்கலைக்கழகத் தேர்வு அல்ல. அந்தத் தேர்விலேயே தவறினாலும், முதலாமாண்டைத் தேற 4 வாய்ப்புகளும் படிப்பை முடிக்க 9 ஆண்டுகளும் தேசிய மருத்துவ ஆணையம் கொடுத்திருக்கிறது. ஆணையத்துக்கு இருக்கிற பொறுமை வீட்டில் இருக்கக் கூடாதா?

இதைச் சும்மா அழுகை என்றும் தள்ளிவிடாதீர்கள். அதே ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் வெளியிட்ட ஆன்லைன் கணக்கெடுப்பில், பதில் சொன்ன எம்பிபிஎஸ் மாணவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு பேர் தங்கும் ஹாஸ்டல் அறையில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் தூங்குகிறாளா, மெஸ்ஸுக்குப் போகிறாளா, வகுப்புக்குப் போகிறாளா என்று விசாரியுங்கள். மூன்றுக்கும் "இல்லை" என்றாலோ, "நான் இருந்து என்ன" என்கிற மாதிரி ஒரு வார்த்தை விழுந்தாலோ அன்றைக்கே கிளம்பிப் போங்கள், தனியாக விடாதீர்கள். மனநலப் பிரிவு அதே வளாகத்தில்தான் இருக்கும். ஆனால் நாளைக்குப் பாடம் எடுக்கப்போகிறவர் முன்னால் நோயாளியாக உட்காரப் பிள்ளைகள் கூசுவார்கள். அப்படியானால் வெளியில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவள் மட்டுமல்ல, நீங்களும் பேசலாம்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுங்கள். ஹாஸ்டல் வாசல் மரத்தடியில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பாருங்கள். அனாட்டமி பேச்சை அவளாக எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். நீட்டைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தால் வீட்டுக்காரரையும் கூட்டிப்போகலாம்.