போர் வற்றிய மேட்டு நிலத்தில் ஆவாரை போடலாமா?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்களுக்கு ஒரு ஏக்கர் மேட்டு நிலம். செம்மண்தான், ஆனால் பாதிக்கு மேல் சரளை. போர் வற்றிவிட்டது. கேழ்வரகோ கொள்ளோ போட்டால், மழை ஏமாற்றுகிற வருஷம் விதைக்காசுகூடத் திரும்புவதில்லை. நாட்டு மருந்துக் கடைகளில் ஆவாரம்பூவை நன்றாக வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நிலம் முழுக்க ஆவாரை போட்டுவிடலாமா? போன வருஷம் ஆடியில் ஒரு உழக்கு விதை தூவிப் பார்த்தேன், விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் முளைத்தது. இன்னொன்று, வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது. பூவைக் காய்ச்சித் தினமும் கொடுக்கலாமா?"

போடலாம் அம்மா. ஆனால் ஏக்கர் முழுக்க வேண்டாம். வேலியோரம், வரப்பு, மழைத்தண்ணீர் அரித்துக்கொண்டு போகிற சரிவு, இங்கெல்லாம் போடுங்கள். நடு நிலத்தைக் கொள்ளுக்கும் சாமைக்கும் விட்டு வையுங்கள்.

காரணம் எளிது. தொப்பூரில் தொடங்கி ஊத்தங்கரை வரைக்கும் புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் யாரும் நடாமலே பூத்துக் கிடக்கிற செடி இது. அங்கே கூலிக்குப் பறித்து வருகிற பூவைப் பார்த்துத்தான் வியாபாரி உங்கள் பூவுக்கும் விலை சொல்வார். செடி வளர்க்கச் செலவில்லை என்பது உண்மை. செலவெல்லாம் பறிக்கிற கைக்கும் காயவைக்கிற இடத்துக்கும்தான். ஒரு கூடை பூ காய்ந்தால் ஒரு முறத்தில் அடங்கிவிடும். தூசி, குச்சி, மருந்து வாடை இல்லாமல், நிறம் கெடாமல் காய்ந்த பூவைத் தருகிறவருக்குத்தான் கொஞ்சம் கூடக் கிடைக்கும். அந்த அளவு பூவைக் கவனிக்க வீட்டில் இரண்டு பேர் என்றால், வேலியோரச் செடிகளே போதும்.

விதை முளைக்காததற்கு உங்கள் மண் காரணமில்லை. ஆவாரை விதைக்கு மேல்தோல் கல் மாதிரி. தண்ணீர் உள்ளே போகாது. மழை கண்டதும் மொத்தமும் முளைத்து, அடுத்த வறட்சியில் மொத்தமும் செத்துப்போகாமல் இருக்க செடி வைத்திருக்கிற ஏற்பாடு அது. நீங்கள் தூவியதில் ஒரு பங்கு இன்னும் மண்ணில் உயிரோடு கிடக்கும், இந்த வருஷமும் அடுத்த வருஷமும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும். உழுதுவிட வேண்டாம்.

இந்த முறை இப்படிச் செய்யுங்கள். நன்றாகப் பழுப்பேறி, ஆட்டினால் சலசலக்கிற காய்களாகப் பறித்து உடையுங்கள். ஓட்டை விழுந்த விதை வண்டு தின்றது, தள்ளிவிடுங்கள். தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, சில நிமிடம் ஆறியதும் விதை மேல் ஊற்றி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். விதையை அடுப்பில் வைத்து வேகவிடக் கூடாது. காலையில் பார்த்தால் சில விதைகள் உப்பியிருக்கும், சில அப்படியே இருக்கும். உப்பியவற்றை உடனே விதையுங்கள். உப்பாதவற்றை உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு தேய்த்து மறுபடி ஊறப் போடுங்கள். விதையின் பளபளப்பு போய் ஓரிடம் மங்கினால் போதும், உள்ளே பருப்பு தெரிகிற அளவுக்குத் தேய்க்க வேண்டாம். இதைச் செய்தாலே முளைப்பில் நல்ல வித்தியாசம் தெரியும்.

பாலித்தீன் பையில் வைகாசி வாக்கில் போட்டால் ஆவணி, புரட்டாசியில் நடலாம். நம் பக்கம் தென்மேற்கும் கொஞ்சம் நனைக்கும், வடகிழக்கும் கொஞ்சம் நனைக்கும். புரட்டாசி, ஐப்பசி மழைதான் நம்பகமானது. அந்த மழையிலேயே வேர் பிடித்துவிட வேண்டும். பையில் ரொம்ப நாள் வைத்திருந்தால் ஆணிவேர் அடியில் சுருண்டுவிடும், அந்தச் செடி பிறகு வறட்சியைத் தாங்காது. பை வாங்க வசதியில்லையென்றால் ஊறிய விதையை நேரே வரப்பிலேயே ஊன்றுங்கள். எனக்கு அதுதான் பிடித்த முறை: வேர் முதல் நாளிலிருந்தே தன் போக்கில் கீழே இறங்கும். வேலிக்கு இரண்டடிக்கு ஒன்று, பூவுக்கு என்றால் ஐந்தடிக்கு ஒன்று. முழு வெயில் படுகிற இடமாகப் பாருங்கள். புளிய மர நிழலில் இலைதான் வரும்.

முதல் கோடையில் மட்டும் கை கொடுங்கள். பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு குடம் போதும். அதற்குப் பிறகு மறந்துவிடலாம். அக்கறை மிகுதியால் கெடுகிற செடி இது. சொட்டு நீர் போட்டு, யூரியாவும் வைத்து, ஆளுயரத்துக்குப் பச்சையாக நின்றும் பூ இல்லை என்று கேட்கிறவர்கள் உண்டு. தண்ணீரையும் யூரியாவையும் நிறுத்தினால் சரியாகிவிடும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், ஆகவே பள்ளத்தில் நட வேண்டாம். செடி ஓரடி வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். பூ புதுக் கிளைகளின் நுனிப் பக்கத்தில்தான் வரும் என்பதால், பூப்பு அடங்கியதும் வருஷம் ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள்; மறுபடி நன்றாகத் துளிர்க்கும். ஒழுங்காகப் பறிக்கிற அளவு பூவை இரண்டாம் வருஷத்திலிருந்து எதிர்பாருங்கள்.

"பயறு வகைக் குடும்பம்தானே, மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்குமே" என்று யாராவது சொல்வார்கள். குடும்பம் சரி, ஆனால் இதன் வேரில் முடிச்சு கிடையாது. காற்றிலிருக்கிற தழைச்சத்தைப் பிடித்துத் தராது. வெட்டிய தழையை நிலத்தில் போட்டு மடக்கினால் நல்ல தழையுரம், அது வேறு விஷயம். கொள்ளுதான் உண்மையாகவே அந்த வேலையைச் செய்கிறது. நடு நிலத்தைக் கொள்ளுக்கு விடச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆடு மாடு இதைப் பெரும்பாலும் சீண்டாது. மேய்ச்சல் ஆடுகள் நடமாடுகிற ஊரில் வேலிச் செடிக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? வெளிர்மஞ்சளும் வெள்ளையுமான வண்ணத்துப்பூச்சிகள் இலையில் முட்டை வைக்கும், பச்சைப் புழு கொஞ்சம் தின்னும். தின்னட்டும். வாய்க்குள் போகிற பூவில் மருந்து அடிக்கவே கூடாது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மாமரம் பூத்திருக்கும்போது அடிக்கிற மருந்து காற்றில் வந்து வேலி ஆவாரையிலும் படியும், அந்தச் சமயத்துப் பூவைப் பறிக்காதீர்கள்.

இனி, எது ஆவாரை என்பது. மஞ்சளாகப் பூத்ததெல்லாம் ஆவாரை இல்லை, இதில் ஏமாந்தால் ஆபத்து. காம்பு தண்டோடு சேர்கிற இடத்தைப் பாருங்கள்: ஆவாரையில் அங்கே காது மடல் போல அகன்ற பச்சை இலைச்செதில் இரண்டு இருக்கும். பூ இல்லாத காலத்திலும் இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஒரு காம்பில் எட்டு முதல் பன்னிரண்டு இணை சிற்றிலைகள், நுனி மழுங்கி நடுவில் ஒரு சின்ன முள் போல நீட்டியிருக்கும். காய் தட்டையாக, காகிதம் போல மெல்லியதாக இருக்கும். உள்ளே விதை இருக்கிற இடம் வெளியே புடைத்துத் தெரியும். பேயாவாரையில் சிற்றிலை குறைவு, நான்கைந்து இணைதான், நுனி கூர்மையாக இருக்கும், கசக்கினால் நாற்றமடிக்கும். அதன் விதை நஞ்சு. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் வருஷா வருஷம் சிறு குழந்தைகள் மூளையும் ஈரலும் பாதித்து இறந்ததற்கு, இந்தக் காயை அவர்கள் பறித்துத் தின்றதுதான் காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். வீட்டைச் சுற்றி இருந்தால் பிடுங்கிப் போடுங்கள். புனல் மாதிரிப் பூக்கிற மஞ்சள் அரளி அதைவிட மோசம், இதயத்தையே நிறுத்தும். அப்புறம், வண்டிப்புகை படிகிற நெடுஞ்சாலையோரப் பூ எதுவானாலும் சமையலுக்கு வேண்டாம்.

பறிப்பது காலையில், பனி ஈரம் உலர்ந்த பிறகு. அன்று விரிந்த பூவை மட்டும் பறியுங்கள். கொத்து முழுவதையும் உருவாமல் கொஞ்சம் விட்டால்தான் விதைக்குக் காய் கிடைக்கும். பூவுக்குள் கரும்பழுப்பாக வளைந்து நீண்ட மகரந்தப் பைகள் இருக்கும். அவற்றின் நுனித் துளை வழியாகத்தான் மகரந்தம் உதிரும். கருவண்டு வந்து பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும். பூவில் தேன் இல்லை, எனவே ஆவாரையை நம்பித் தேன்பெட்டி வைக்க வேண்டாம்.

பறித்ததை வெள்ளைத் துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி நிழலில் காயவிடுங்கள். எறும்பும் சின்ன வண்டும் தானே வெளியேறும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் வெளுத்துப் பழுப்பாகி வியாபாரி கையால் தள்ளுகிற சரக்காகிவிடும். விரலில் நொறுங்கினால்தான் காய்ந்தது என்று அர்த்தம். ஈரத்தோடு டப்பாவில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். போகிக்கு முன்தினம் சந்தையில் வேப்பிலை, பூளைப்பூவோடு காப்புக் கட்ட ஆவாரங்கொத்து தேடுவார்கள். அந்த ஒரு நாள் காயவைக்கிற வேலையே இல்லாமல் கொத்தாக விற்கலாம்.

வீட்டுக்காரர் விஷயம். சர்க்கரை நோய் வரவைத்த எலிகளுக்கு ஆவாரம்பூச் சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இரத்தச் சர்க்கரை குறைந்தது உண்மை. எலியை வைத்து மனிதருக்கு அளவு சொல்ல முடியாது. சித்த மருத்துவத்தின் ஆவாரைக் குடிநீரும் வெறும் பூ இல்லை. கொன்றை, நாவல், மருதம்பட்டை எல்லாம் சேர்ந்த கூட்டுச் சரக்கு, அதை மருத்துவர் பார்த்துத் தருவார். அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்காதீர்கள். மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் வாய்ப்புண்டு: கை நடுக்கம், வியர்வை, மயக்கம் வந்தால் அதுதான். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அவ்வப்போது சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு குடிக்கட்டும். வலிப்புக்குக் கார்பமசெபின் சாப்பிடுகிறவர்கள் தவிர்ப்பது நல்லது. ஆவாரைத் தேநீர் அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டுகிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

தேநீராகக் குடிப்பதென்றால் ஒரு டம்ளர் கொதித்த நீரில் ஒரு தேக்கரண்டி காய்ந்த பூ, மூடி வைத்து வடிகட்டினால் போதும். இலங்கையில் ரணவரா என்று அன்றாடம் குடிப்பது இந்தத் தேநீர்தான். நாலுக்கு ஒன்றாகச் சுண்டக் காய்ச்ச வேண்டாம், அதுவும் போர்த் தண்ணீரில் வேண்டவே வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கொதித்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி ஏறும். ஒகேனக்கல் தண்ணீரில் போடுங்கள். நாட்டுச்சர்க்கரையும் தேனும் சேர்க்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

மருந்து என்ற நினைப்பே இல்லாமல் சாப்பிடலாமே. பாசிப்பருப்பு முக்கால் வேக்காட்டில் இருக்கும்போது காம்பும் மகரந்தப் பைகளும் நீக்கிய இதழ்களைப் போட்டு, சின்ன வெங்காயம், வரமிளகாய் தாளித்தால் கூட்டு. லேசான துவர்ப்பு இருக்கும், களிக்கு நன்றாகச் சேரும். மிஞ்சியதைப் பாசிப்பயறு, பூலாங்கிழங்கோடு அரைத்துக் குளியல் பொடியாக்கலாம். பட்டையில் கை வைக்காதீர்கள். அதில் 15 முதல் 20 விழுக்காடு துவர்ப்பொருள் உண்டு, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிட ஒரு காலத்தில் இதைத்தான் நம்பியிருந்தார்கள். வாட்டில் என்கிற வெளிநாட்டு மரத்தின் பட்டை வந்த பிறகு அந்தக் கேட்பு போய்விட்டது. பட்டையை உரித்தால் செடி போய்விடும்.

விதைக்குக் காசு கொடுக்க வேண்டாம். தை, மாசியில் உங்கள் ஊர் ஏரிக்கரையிலேயே காய் கிடைக்கும். காப்புக்காட்டுக்குள் மட்டும் பறிக்கப் போகாதீர்கள், வனத்துறை பிடிக்கும். நடு நிலத்து மண்ணைப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு, கொள்ளா சாமையா என்று முடிவு செய்யுங்கள்.