‘ரன்’ என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்தான் படிப்பது?

கேள்வி: அலுவலக மின்னஞ்சல் ஒன்றில் ‘ப்ளீஸ் ரன் திஸ் பை த மேனேஜர்’ என்று எழுதியிருந்தார்கள். மேலாளர்தான் இந்த வேலையை நடத்தவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, கோப்பை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவருக்குக் கோபம். ‘ரன்: நூறு பொருள்கள்’ என்று பணம் கட்டி வாங்கிய பட்டியலில் இது இல்லை. இன்னும் பெரிய பட்டியல் வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ‘மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்’ என்பதுதான் அதன் பொருள். வேலை உங்களுடையது, அவர் பார்த்துச் சரி என்று சொன்னால் போதும்.

பட்டியல் விற்பவர்களுக்குச் சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு 430 பொருள்கள் இருந்தன. பிந்தைய திருத்தத்தில் ‘ரன்’ 600-ஐத் தாண்டி அதை முந்திவிட்டது. ஆனால் அது சொற்களின் வரலாற்றைப் பதிவுசெய்யும் அகராதி. வழக்கொழிந்தவையும் அந்தக் கணக்கில் அடக்கம். அதிலிருந்து நூறை அள்ளி, வாக்கியம் இல்லாமல் ‘ஓடு, நடத்து, ஒழுகு’ என்று அச்சடித்துக் கொடுப்பவர் உங்களுக்கு எதையும் கற்றுத்தரவில்லை. ‘முப்பது நாளில் சரளம்’ என்கிற வகுப்புகளும் இதே சரக்கைத்தான் ஓட்டுகின்றன.

பொருள் ‘ரன்’னில் இல்லை, அதற்குப் பின்னால் வருவதில் இருக்கிறது. பின்னால் எதுவும் வராவிட்டால் நம் ‘ஓடு’ பெரும்பாலும் பொருந்தும்: பேருந்து ஓடுகிறது, இயந்திரம் ஓடுகிறது, படம் மூன்று வாரம் ஓடியது. மூக்குக்கும் குழாய்க்கும் மட்டும் ‘ஒழுகு’. பெயர்ச்சொல் வந்தால் நடத்துவது, இயக்குவது: கடை, சோதனை, கணினி நிரல். இங்கே ஒரு குழி இருக்கிறது. ‘ரன் எ கார்’ என்றால் கார் ஓட்டுவது என்று நினைப்போம். அது பெரும்பாலும் கார் வைத்துப் பராமரிப்பதைக் குறிக்கும், ஓட்டுவதற்கு ‘டிரைவ்’. ‘லோ’, ‘லேட்’, ‘டிரை’ போன்றவை வந்தால் அந்த நிலைக்குப் போவது: குறைகிறது, தாமதமாகிறது, வற்றுகிறது.

‘பை’, ‘இன்டு’, ‘ஓவர்’ போன்ற குட்டிச் சொற்கள் வந்தால் ‘ரன்’னைத் தனியாகப் பிரித்துப் பொருள் தேடாதீர்கள், இரண்டையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். ‘ரன் இன்டு’வுக்குப் பின் மரம் வந்தால் மோதல், பழைய நண்பர் வந்தால் தற்செயலான சந்திப்பு, பெருந்தொகை வந்தால் செலவு அந்த அளவை எட்டுகிறது.

‘ரன் அவுட்’டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அதிகம் தடுக்கி விழுவது அதில்தான். ‘தாள் தீர்ந்துவிட்டது’ என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம். தீர்ந்த பொருள் எழுவாய் என்றால் ‘த பேப்பர் ஹேஸ் ரன் அவுட்’. அங்கே ‘ஆஃப்’ கூடாது. யாரிடம் தீர்ந்ததோ அவர் எழுவாய் என்றால் ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்’. அங்கே ‘ஆஃப்’ இல்லாமல் நிற்காது. அச்சு இயந்திரமும் இந்த விஷயத்தில் ஆள் கணக்குத்தான்: ‘த பிரிண்டர் ஹேஸ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்’. தமிழில் எப்போதும் தீர்ந்த பொருளே எழுவாய் (‘எங்களிடம் தாள் தீர்ந்துவிட்டது’), அதனால்தான் இரண்டும் குழம்பி ‘பேப்பர் ஹேஸ் ரன் அவுட் ஆஃப்’ என்று வந்துவிடுகிறது. ‘பேப்பர் வாஸ் ரன் அவுட்’டும் தவறு. அது கிரிக்கெட்டிலிருந்து வாய்க்கு வந்த பழக்கம். ஆட்டக்காரரை எதிரணி ஆட்டமிழக்கச் செய்கிறது, ஆகவே அவருக்கு ‘வாஸ்’ சரி. தாளை யாரும் ஆட்டமிழக்கச் செய்யவில்லை. இன்னொன்று: ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ வந்தால் ‘ரன்’தான், ‘ரேன்’ அல்ல.

ஒரு வாக்கியமும் கொடுக்காமல் ‘ரன்: பொருள் தருக’ என்று தேர்வில் கேட்பவர்களை என்ன சொல்வது? சரியான விடையே இல்லாத கேள்விக்கு மதிப்பெண் வேறு. அந்தப் பழக்கம்தான் பட்டியல் வியாபாரத்துக்குத் தீனி.

மாணவர்களுக்கென்று தொகுத்த ஆங்கில-ஆங்கில அகராதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரன் பை’ போன்ற கூட்டுவினைகள் பெரும்பாலும் ‘ரன்’ பதிவின் கடைசியில், அகரவரிசையில் தனியாக இருக்கும். முதல் நாலு பொருளைப் படித்துவிட்டு மூடினால் அவை கண்ணில் படாது. கிடைத்ததைக் குறிக்கும்போது சொல்லை மட்டும் எழுதாமல், அங்கே கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியத்தை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள்.