விஞ்ஞானியை மீட்கும் உளவுக் கதையை நம் தோட்டத்தில் வைத்து எழுத முடியுமா?

கேள்வி: எதிரியின் பிடியில் இருக்கும் நாட்டுக்குள் ராணுவ உளவாளிகள் புகுந்து ஒரு விஞ்ஞானியை மீட்டு வருவதாக த்ரில்லர் எழுத ஆசை. நிஜத்தில் இப்படி நடந்திருக்கிறதா? ஜப்பான்காரன் காலத்து மலாயாவில், தோட்டத்து மக்களை வைத்து எழுதினால் எடுபடுமா?

நடந்திருக்கிறது. தாராளமாக எடுபடும். நான் பிறந்து வளர்ந்தது பேராக்கில், ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். இரண்டாம் உலகப் போர் உளவு வரலாறு எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பித்து. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் நீல்ஸ் போர் (Niels Bohr). டென்மார்க்கின் பெரிய இயற்பியல் அறிஞர், நோபல் பரிசு வாங்கியவர். 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்த பிறகும் கோபன்ஹேகனிலேயே இருந்தார். 1943 தொடக்கத்தில் பிரிட்டனிலிருந்து அவருக்கு ஒரு சாவிக்கொத்து வந்து சேர்ந்தது. அதிலிருந்த சாவிகளில் நுண்ணிய துளை போட்டு, ஊசிமுனை அளவுக்குச் சுருக்கிய கடிதத்தை உள்ளே வைத்து அடைத்திருந்தார்கள். எழுதியவர் நியூட்ரானைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் சாட்விக். 'இங்கே வந்துவிடுங்கள்' என்பதுதான் சேதி.

போர் என்ன செய்தார் தெரியுமா? வரமாட்டேன் என்று பதில் அனுப்பினார். தன் ஆய்வுக்கூடத்தையும், தன்னை நம்பி அங்கே அடைக்கலம் புகுந்தவர்களையும் விட்டுவிட்டு வர அவருக்கு மனமில்லை. நீங்கள் எழுதப்போகும் கதைக்கு இந்த இடம் ஒரு புதையல். பெரும்பாலான த்ரில்லரில் விஞ்ஞானி ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வீரர்கள் கதவை உடைத்ததும் ஓடி வந்து ஒட்டிக்கொள்வார். உண்மையான மனிதருக்கு மனைவி, மக்கள், மாணவர்கள், பாதியில் நிற்கும் வேலை எல்லாம் இருக்கும். அவரைச் சம்மதிக்க வைப்பதே பெரும்பாடு. அந்தப் பாட்டைச் சொல்லாமல் நேரே படகுக்குப் போய்விட்டால் கதையில் பாதி போச்சு.

1943 செப்டம்பர் கடைசியில், ஜெர்மானியர்கள் கைது செய்யப் போகிறார்கள் என்று துப்புக் கிடைத்த பிறகுதான் போர் கிளம்பினார். தாயின் வழியில் அவர் யூதர். இரவோடு இரவாக மனைவியுடன் கடலைத் தாண்டி ஸ்வீடன் போனார். அங்கிருந்து உடனே விமானம் ஏறச் சொன்னால், ஏறவில்லை. டென்மார்க்கின் யூதர்களுக்கு அடைக்கலம் கொடுங்கள் என்று ஸ்வீடன் அரசரை நேரில் பார்த்து மன்றாடினார். அந்தச் சில வாரங்களில் 7,000க்கும் மேற்பட்ட யூதர்கள் மீன்பிடிப் படகுகளில் ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். ஸ்டாக்ஹோமில் ஜெர்மன் ஒற்றர்கள் நிறைந்திருந்த நேரம் அது. அவரைக் காப்பாற்ற வந்தவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்க, அவர் அடுத்தவர்களுக்காக அலைந்துகொண்டிருந்தார்.

அக்டோபர் முதல் வாரத்தில் மொஸ்கிட்டோ என்ற வேக விமானம் வந்தது. துப்பாக்கி கிடையாது. வேகமும் உயரமும்தான் அதற்குக் காவல். பயணிக்கு இருக்கை இல்லை, குண்டு வைக்கும் அறையில் படுத்துக்கொள்ள வேண்டும். 58 வயது முடியப்போகிற பேராசிரியரை அதற்குள் படுக்க வைத்தார்கள். நோர்வேக்கு மேலே ஜெர்மன் விமானங்களுக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியதும், 'ஆக்சிஜனைத் திறந்துகொள்ளுங்கள்' என்று விமானி சொன்னார். நீல்ஸ் போருக்குத் தலை பெரிசு. கொடுத்திருந்த தலைக்கவசம் சரியாக இறங்காமல், காதுக் கருவி காதில் பொருந்தவே இல்லை. சொன்னது கேட்கவில்லை, மயங்கிவிட்டார். பதில் வராததைக் கவனித்த விமானி நோர்வேயைக் கடந்ததும் தாழப் பறந்ததால் உயிர் தப்பியது. ஒரு பெரிய ராஜ்யத்தின் உளவுத்துறை இத்தனை மாதம் திட்டம் போட்டது, ஒரு தலைக்கவசத்தின் அளவால் குட்டிச்சுவராகப் பார்த்தது! உங்கள் கதையில் ஆபத்து எங்கிருந்து வரவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வரமாட்டேன் என்று கடைசிவரை நின்றவரும் உண்டு. 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தபோது, அணு ஆய்வுக்கு வேண்டிய கனநீரையும் ஹால்பான், கோவார்ஸ்கி என்ற இரண்டு விஞ்ஞானிகளையும் புரூம்பார்க் என்ற நிலக்கரிக் கப்பலில் பிரிட்டனுக்கு ஏற்றினார்கள். கப்பல் முழுகினாலும் சரக்கு மிதக்கட்டும் என்று கனநீர்க் கலன்களை ஒரு தெப்பத்தில் கட்டி மேல்தளத்தில் வைத்திருந்தார்கள். அந்தக் குழுவின் தலைவர் ஜோலியோ-கியூரி மட்டும் ஏறவில்லை. பிரான்சிலேயே தங்கி, பிறகு தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார்.

யூதக் குடும்பத்தில் பிறந்ததால் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிய இயற்பியல் அறிஞர் லீஸ் மைட்னர் கதையில் ராணுவமே இல்லை. 1938 ஜூலையில் பெர்லினிலிருந்து கிளம்பும்போது அவருக்கு 59 வயது. செல்லாத ஆஸ்திரியப் பாஸ்போர்ட், பையில் 10 மார்க். எல்லைக் காவலனுக்குக் கொடுக்க நேர்ந்தால் கொடு என்று கூட வேலை செய்த வேதியியலாளர் ஓட்டோ ஹான் தன் அம்மாவின் வைர மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். டச்சு நண்பர் டிர்க் கோஸ்டர் கூடவே ரயிலில் வந்து எல்லை தாண்டினார். அதே ஆண்டு டிசம்பரில், ஸ்வீடனில் இருந்தபடி, அணுக்கரு பிளவுபடுகிறது என்று தன் அக்காள் தங்கை வழி மகன் ஃபிரிஷ்ஷுடன் சேர்ந்து விளக்கியவர் இந்த அம்மாதான். ஒரு மோதிரத்தை வைத்து ஒரு ரயில் பெட்டிக்குள் இருபது பக்கம் மூச்சுப் பிடிக்க எழுதலாம்.

'மீட்பு' என்பதை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். 1946 அக்டோபர் 22ஆம் தேதி, ஒரே வீச்சில் 2,000க்கும் மேற்பட்ட ஜெர்மன் நிபுணர்களைச் சோவியத் படை வீட்டிலிருந்து கிளப்பி, குடும்பத்தோடு ரயிலேற்றிக் கொண்டுபோனது. பல பேருக்கு யாரும் சம்மதம் கேட்கவில்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் தங்கள் பங்குக்கு 10 ஜெர்மன் அணு விஞ்ஞானிகளைப் பிடித்து, இங்கிலாந்தில் ஃபார்ம் ஹால் என்ற வீட்டில் வைத்து, சுவருக்குள் ஒலிவாங்கி பொருத்திப் பேச்சை ஒட்டுக்கேட்டன. உங்கள் நாயகன் வந்து நிற்கும்போது அந்த விஞ்ஞானி, 'நீங்கள் மட்டும் என்னை விட்டுவிடுவீர்களா?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், கதை வேறு உயரத்துக்குப் போய்விடும்.

சரி, மலாயாவுக்கு வருவோம். இங்கே களம் தயாராக இருக்கிறது. ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் படையின் ஜான் டேவிஸ் 1943 மே மாதம் டச்சு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கரையில் இறங்கினார். சில மாதம் கழித்து, சிங்கப்பூர்ச் சீனர்களின் ஜப்பான் எதிர்ப்புத் தலைவர் லிம் போ செங் வந்தார். பீடோர் பக்கத்து மலைக்காட்டில் முகாம். ஈப்போவில் வலைப்பின்னல். 1944 மார்ச்சில் லிம் போ செங் பிடிபட்டு, சித்திரவதைக்குப் பின் ஜூன் 29ஆம் தேதி பத்து காஜா சிறையில் இறந்தார். கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. முகாமிலிருந்தவர்களுக்கு இலங்கைத் தலைமையகத்தோடு ரேடியோத் தொடர்பு கிடைக்க 1945 ஆகிவிட்டது. அதுவரை அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே அங்கே உறுதியில்லை. அந்த ஆண்டு மே மாதம், முகாமிலிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் ஸ்பென்சர் சாப்மேனும் ரிச்சர்ட் புரூமும் பங்கோர் லாவுட் தீவிலிருந்து ஸ்டேட்ஸ்மேன் என்ற நீர்மூழ்கியில் ஏறி இலங்கை போனார்கள். இன்றைக்கு லூமுட்டில் ஃபெரிக்கு நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வராமல் இருந்ததில்லை. எதிரியின் மண்ணிலிருந்து ஆளை வெளியே எடுத்த வழி எங்கள் வாசலிலேயே இருக்கிறது.

இன்னொரு தகவல், தமிழில் எழுதுகிறவர் விடவே கூடாது. 1942 தொடக்கத்தில் தஞ்சோங் மாலிம் பக்கம் தண்டவாளத்துக்கு வெடி வைத்துத் திரிந்த நாட்களில், சாப்மேனும் இரண்டு தோழர்களும் தமிழர் வேஷம் போட்டார்கள். உடம்பில் கருப்புப் பூசி, சாரம் கட்டி, தலைப்பாகையோடு இருட்டில் நடந்தார்கள். ஜப்பானிய வீரனை ஏமாற்ற அது போதும். எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருத்தியின் முன்னால் அந்த வேஷம் ஒரு நிமிஷம் தாங்காது. வெறுங்காலில் நடக்கிற நடையே காட்டிக் கொடுத்துவிடும். பால் வெட்டுகிறவர் விரலில் ஒட்டுப்பால் கறுத்துப் படிந்திருக்கும், உடம்பில் அந்தப் புளித்த வாசம் குளித்தாலும் போகாது. ஜப்பானியனுக்குத் தெரியாதது எங்கள் ஜனங்களுக்குத் தெரியும் என்ற இந்த ஒரு விஷயத்தை வைத்தே நீங்கள் முழு நாவலை நகர்த்தலாம்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். நடுவில் பலகைத் தடுப்பு, அதுவும் கூரைவரை போகாது. இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் தூக்கம் கலையும். தண்ணீர்க் குழாய் பொது, கக்கூஸ் பொது. விடியுமுன் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் வரிசையில், கிராணி என்ற தோட்டத்துக் கணக்கர் பெயர் கூப்பிடுவார், தலை எண்ணிக்கை ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தெரிந்துவிடும். அரிசிக்குத் தட்டுப்பாடு, மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு உப்பிய காலம். ஒரு வீட்டில் கூடுதலாக ஒரு வாய்க்குக் கிழங்கு வேகிறது என்றால் பக்கத்து வீட்டுக்காரிக்கு அன்றைக்கே தெரியும். 'லயத்துல ரகசியம்னு ஒண்ணு கிடையாதுப்பா. தெரிஞ்சும் பேசாம இருப்போம், அவ்வளவுதான்' என்று என் பாட்டி சொல்வார். அதனால் தோட்டத்தில் விஞ்ஞானியை ஒளித்து வைப்பது என்றால், முப்பது நாற்பது குடும்பங்கள் சேர்ந்து வாயை மூடிக்கொள்வது. யார் வாய் முதலில் திறக்கும்? ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க லாரி வரும் நாளில், 'உன் மகனை விட்டுவிடுகிறேன், நீ சொல்லு' என்று கேட்டால் ஒரு தாய் என்ன செய்வாள்? இந்தப் பதற்றத்துக்கு முன்னால் எந்தத் துரத்தலும் நிற்காது.

விஞ்ஞானி யார் என்று கேட்டால் நான் மலேரியா நிபுணரைத்தான் வைப்பேன். 1942இல் ஜாவா ஜப்பான் கைக்குப் போனதும் உலகத்துக் கொய்னா மருந்தில் பெரும்பங்கு நேச நாடுகளுக்கு இல்லாமல் போனது. வெப்பநாட்டுக் காட்டில் சண்டை போடும் படைக்கு மலேரியா எதிரிக்குச் சமம். கோலாலம்பூரில் 1900லேயே தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இருந்தது. அங்கே வேலை செய்த ஒரு கற்பனை டாக்டரைப் படைத்துக்கொள்ளுங்கள். போருக்கு முன்னால் அவர் தோட்டம் தோட்டமாக வந்து பிள்ளைகளின் விரலில் குத்தி ரத்தம் எடுத்தவர், காட்டுக் கால்வாயில் எண்ணெய் அடிக்கச் சொன்னவர். லயத்துப் பெண்களுக்கு அவர் முகம் தெரியும், 'என் பிள்ளை காய்ச்சலைக் கண்டவர்' என்ற நன்றி இருக்கும். அவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. மருந்துக்கும் குறிப்பேட்டுக்கும் ஆசைப்பட்டு ஜப்பானியர் அவரைத் தேடுவதற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

வேலை நுணுக்கத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பாராசூட்டில் ஆள் இறக்க நிலா வெளிச்சம் வேண்டும், விமானி தரையைப் பார்த்தாக வேண்டும். நீர்மூழ்கி கரையை ஒட்டி மேலே வர இருட்டு வேண்டும். அப்படியென்றால் பௌர்ணமியை ஒட்டி வந்திறங்கும் குழு, அமாவாசையில் டாக்டரோடு பங்கோர் கடலில் இருக்க வேண்டும். இரண்டு வாரம். பீடோர் மலையடிவாரத்திலிருந்து கடற்கரைவரை ரப்பர், சதுப்பு, ஆறு, சோதனைச் சாவடி. கூட வருகிறவருக்குக் காய்ச்சல். கதையின் கடிகாரம் தானாக ஓடும், நீங்கள் செயற்கையாக வெடிகுண்டு வைக்க வேண்டியதில்லை.

தோல்விக்கும் இடம் கொடுங்கள். நோர்வேயின் கனநீர் ஆலையைத் தகர்க்க 1942 நவம்பரில் இஞ்சின் இல்லாத சறுக்கு விமானங்களில் அனுப்பிய முதல் முயற்சியில் 41 பேர் இறந்தார்கள். விபத்தில் பிழைத்தவர்களையும் ஜெர்மானியர்கள் கொன்றார்கள். அடுத்த பிப்ரவரியில் போன நோர்வே வீரர்கள் பனிமலையில் இறங்கி, பள்ளத்தாக்கைக் கடந்து, ஒரு தோட்டாகூடச் சுடாமல் வேலையை முடித்தார்கள். முதல் குழு செத்தது தெரிந்த பிறகு இரண்டாவது குழு கிளம்புகிறதே, அந்த மனநிலையை எழுதிப் பாருங்கள்.

அப்புறம், நீர்மூழ்கி கிளம்பியதும் நாவலை முடித்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் இலங்கை போய்ச் சேர்ந்துவிடுவார். மறுநாள் விடிகாலைப் பெரட்டுக்கு கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ் வந்து நிற்கும்போது வரிசையில் நிற்கப்போவது கிராணியும், வேலை வாங்கும் தண்டலும், கிழங்கு அவித்துக் கொடுத்த பெண்ணும்தான். அவர்களுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரிய வேண்டும். தோட்டத்து மக்களைப் பற்றிப் போர் வரலாற்றில் ஓரிரு வரிதான் வருகிறது. உங்கள் கதையில் அவர்களுக்கு ஒரு முழு அத்தியாயமாவது கொடுங்கள்.

பெரட்டு, பால் நிறுப்பு, லயத்துச் சமையல், எந்த வழியாகப் போனால் ஆற்றைக் கடக்கலாம் என்பது மாதிரி எதுவானாலும் கேளுங்கள். எங்கள் லயம் இப்போது இல்லை, அங்கே செம்பனை நிற்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் பேச்சைக் கேட்டு வளர்ந்த என் அம்மாவும் மாமாவும் இருக்கிறார்கள், விசாரித்துச் சொல்கிறேன்.