பதில்: புது பிக்கப் இப்ப எடுக்கவா, தை வரைக்கும் பொறுக்கவா?

உசிலம்பட்டியில இருந்து மாட்டுத்தாவணிக்குப் பூ ஏத்தப் புது பிக்கப் வேணும், விலை ஏறிக்கிட்டே போகுது, தை வரைக்கும் பொறுக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. பொறுக்காதீங்கண்ணே. சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-லயே 28-லிருந்து 18 சதவீதமாக் குறைஞ்சிருச்சு. இன்னும் குறையும்னு உக்காந்திருந்தா, கம்பெனிக்காரங்க வழக்கமா ஜனவரியில ஏத்துறதுதான் தலையில விடியும். தையில மல்லி விலை உச்சத்துல இருக்கும். அப்ப வண்டி ஓடணும், ஷோரூம்ல நிக்கக் கூடாது.

மார்கழியில நம்ம பக்கம் வண்டி எடுக்கறவங்க கம்மி. ஷோரூம்காரங்களுக்கோ வருஷக் கடைசிக்குள்ள ஸ்டாக்கைத் தள்ளியாகணும். பேரத்துக்கு அதுதான் நேரம். வீட்ல ஒத்துக்கலைன்னா கார்த்திகைக் கடைசியில முடிச்சிருங்க.

ஆனா பில் போடுறதுக்கு முன்னாடி தயாரிப்பு மாசத்தைக் கேளுங்க. ஆர்சியில அதுதான் ஏறும். டிசம்பர்ல எடுக்கிற வண்டி ஜனவரி பிறந்ததும் போன வருஷத்து வண்டி. விக்கிறப்ப ரேட்டு அடிபடும். அதுக்குத் தக்கன தள்ளுபடி தரலைன்னா எந்திரிச்சு வந்துருங்க.

அட்வான்ஸ் கட்டுனா விலை உறுதின்னும் நினைக்காதீங்க. டெலிவரி அன்னைக்கு உள்ள விலைதான்னு புக்கிங் ஃபார்ம்ல பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.